விரலும் முகமும் ஏற்காத போன்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

விரல் வைத்தால் போன் ஒரு அதிர்வு கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. முகத்தைக் காட்டினால் பூட்டுப் படம் தலையாட்டி மறுக்கிறது. உடனே ‘சென்சார் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். சென்சார் அவ்வளவு சுலபத்தில் போகாது. ரேகையைப் பதிந்த விதம் சரியில்லாமல் இருக்கலாம், மேலே ஒட்டிய கண்ணாடி இடைஞ்சல் செய்யலாம், இல்லையென்றால் போன் வேண்டுமென்றே மறுக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ரேகையும் முகமும் வெறும் குறுக்குவழிகள். போனின் உண்மையான சாவி உங்கள் பின் நம்பர்தான். கீழே வரும் சிக்கல்களில் சில இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எதையும் தொடுமுன்: உங்கள் போனில் இருப்பது எந்த வகை?

பவர் பட்டனிலோ பின்பக்கத்திலோ பழைய ஐபோன்போல ஹோம் பட்டனிலோ விரல் வைக்கிறீர்கள் என்றால் அது மின்னூட்டத்தைக் கொண்டு ரேகையின் மேடு பள்ளங்களை அளக்கும் சென்சார். ஐபோன் 5எஸ் வழியாக 2013-இல் பரவலாகத் தெரியவந்தது இந்த வகைதான். இருப்பதில் அதிகம் தொல்லை தராததும் இதுவே.

திரையில் விரல் வைக்கும் போன் என்றால், இருட்டறையில் விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் பளிச்சென்று வெளிச்சம் வந்தால் அது ஒளி சென்சார். திரை டார்ச் அடிக்க, அடியில் இருக்கும் சின்ன கேமரா ரேகையைப் படம் பிடிக்கிறது. வெளிச்சமே வராமல் திறந்தால் அது மீயொலி சென்சார், அதாவது ஒலி அலை அனுப்பி எதிரொலியை அளப்பது. 2019-இல் கேலக்ஸி எஸ்10 தொடங்கி சாம்சங்கின் விலை உயர்ந்த போன்களில் இது இருக்கிறது.

முகத்தில் இரண்டே வகை. ஐபோன் எக்ஸ் (2017) தொடங்கி ஐபோன்களில் வரும் ஃபேஸ் ஐடி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் பாய்ச்சி மூக்கு, கன்னம், கண்குழி ஆகியவற்றின் ஆழத்தை அளக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அப்படி எதுவும் கிடையாது; செல்ஃபி கேமரா உங்கள் படத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

“நேற்றுவரை திறந்தது, இன்று காலையில் பின் நம்பர் கேட்கிறது”

கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள். போன் அணைந்து மறுபடி எழுந்தால் முதல் தடவை பின் நம்பர் போட்டே ஆகவேண்டும். உள்ளே இருக்கும் தகவலெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் சாவி பின் நம்பர் இல்லாமல் உருவாகாது. இரவில் அப்டேட் இறங்கிப் போன் தானே ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் காலையில் இப்படித்தான் கேட்கும்.

ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும் கேட்கும். ஆண்ட்ராய்டில் 72 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பின் நம்பரோ பேட்டர்னோ கேட்க வேண்டும் என்பது கூகுள் வகுத்த விதி. செல்ஃபி கேமரா வகை முகத்திறப்பு என்றால் 24 மணி நேரம்தான்; நான்கு மணி நேரம் போனைத் தொடாமல் வைத்திருந்தாலும் கேட்கும். ஐபோனை 48 மணி நேரம் திறக்காமல் விட்டால் பாஸ்கோடு (ஐபோனில் பின் நம்பருக்கு இதுதான் பெயர்) கேட்கும். அதில் இன்னொரு கணக்கும் உண்டு: ஆறரை நாளாகப் பாஸ்கோடே போடவில்லை, கடைசி நான்கு மணி நேரத்தில் ஃபேஸ் ஐடியாலும் திறக்கவில்லை என்றாலும் கேட்கும். ‘வாரத்துக்கு ஒரு தடவை காலையில் மட்டும் படுத்துகிறது’ என்று சொல்பவர்களின் மர்மம் இதுதான். தூங்கி எழும்போது நான்கு மணி நேரம் தாண்டியிருக்கும் இல்லையா!

“பத்து தடவை வைத்தால் நாலு தடவைதான் ஏற்கிறது”

அதிகம் வரும் புகார் இது. பெரும்பாலும் பதிவில்தான் பிழை. புதுப் போன் வாங்கிய அன்று கடையில் நின்றபடி, வியர்த்த கையோடு, மேசைமேல் போனை வைத்துக்கொண்டு விரல் நுனியைப் பதிந்திருப்போம். பிறகு வீட்டில் ஒரு கையால் போனைப் பிடித்துக் கட்டைவிரலைச் சாய்வாக வைப்போம். பதிந்த இடம் வேறு, வைக்கும் இடம் வேறு.

பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கையைக் கழுவித் துடைத்து, ஐந்து நிமிடம் போகட்டும். வழக்கமாகப் போடும் கவர் போனில் இருக்கட்டும். பவர் பட்டன் சென்சாரில் கவரின் விளிம்பு விரலை எட்ட விடாமல் செய்யும், அதையும் சேர்த்தே பதிய வேண்டும். தினமும் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ‘விளிம்புகளைப் பதியவும்’ என்று போன் கேட்கும்போது அவசரப்பட்டு நடுப்பகுதியையே திரும்பத் திரும்ப வைக்காமல், விரலை இடமும் வலமும் உருட்டி, நுனியையும் காட்டுங்கள். அதிகம் புழங்கும் கட்டைவிரலை இரண்டு தடவை, இரண்டு தனிப் பதிவுகளாகப் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். சில போன்கள் ‘இந்த விரல் ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுக்கும். ஏற்கும் போன்களில் வித்தியாசம் உடனே தெரியும்.

இதற்குப் பிறகும் தகராறு என்றால் விரலைப் பாருங்கள், போனை அல்ல. பாத்திரம் தேய்க்கும் சோப்பு, சலவைத்தூள், சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் ரேகையின் மேடுகளைத் தேய்த்துவிடும். வயது ஏற ஏறத் தோல் வறண்டு, மேடுகள் தட்டையாகும். ரேஷன் கடைக் கருவியில் ரேகை விழாமல் திரும்புகிறாரே பாட்டி, அவருடைய விரல் போனில் மட்டும் விழுந்துவிடுமா? ஒளி சென்சாருக்கு வறண்ட தோல்தான் பெரிய எதிரி. தோல் கண்ணாடியோடு ஒட்டாமல் நடுவில் காற்று நிற்கும், படம் வெளிறிப்போகும். விரலில் வாயால் ‘ஹா’ என்று ஊதி, அந்த ஈரத்தோடு வைத்துப் பாருங்கள். சட்டென்று திறந்தால் சிக்கல் வறட்சி என்பது உறுதி. கைக்குப் பூசும் கிரீம் போட்டு நன்றாக ஊறிய பிறகு மறுபடி பதியுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு பதிய வேண்டாம். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்தான் பதிவாகும்.

கொத்தனார் வேலை, தறி, பாத்திர வேலை செய்பவர்களுக்கு மோதிர விரல் நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்கிற அளவுக்கு அது தேய்வதில்லை. மருதாணி வைத்த கை என்றால் நிறம் வெளுக்கும்வரை வைக்காத விரல் ஒன்றைப் பதிந்துகொள்ளுங்கள். மருதாணி ரேகையை மாற்றுவதில்லை, ஆனால் ஒளி சென்சாருக்கு அந்தக் கருஞ்சிவப்பு குழப்பமாக இருக்கும்.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. கேப்சைட்டபின் என்ற புற்றுநோய் மருந்து சாப்பிடுபவர்களில் சிலருக்கு உள்ளங்கைத் தோல் சிவந்து உரிந்து, ரேகையே மறைந்துபோகும். வீட்டில் யாராவது அந்தச் சிகிச்சையில் இருந்தால், விரல் பதிவை நம்பியே இருக்காமல் பின் நம்பரை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

“டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதிலிருந்து தகராறு”

பக்கவாட்டு சென்சாருக்கு இந்தத் தொல்லையே இல்லை. திரைக்கு அடியில் இருப்பவைதான் பாதிக்கப்படும். ஒளி சென்சார் சாதாரணக் கண்ணாடியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மங்கலான மேட் கண்ணாடி, பக்கத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாமல் மறைக்கும் பிரைவசி கண்ணாடி இரண்டையும் பொறுக்காது. மீயொலி சென்சாருக்குக் காற்று ஆகாது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருந்தால் ஒலி அலை அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் அந்தப் போன்களுக்குப் பசை ஊற்றி யுவி விளக்கு காட்டி ஒட்டும் கண்ணாடி விற்கிறார்கள். ஒட்டினால் பசை ஸ்பீக்கர் ஓட்டைக்குள் இறங்காமல் பார்த்து ஒட்டும் கடையில் ஒட்டுங்கள், இல்லையென்றால் மெல்லிய பிலிம் போதும்.

எது ஒட்டினாலும், ஒட்டிய பிறகு பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதியுங்கள். செட்டிங்ஸில் தொடுதிறனைக் கூட்டும் வசதி, ‘ஸ்கிரீன் புரொடெக்டர்’ என்ற பெயரில் வரும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கண்ணாடியால் திறக்காமல் போவதாவது பரவாயில்லை. 2019 அக்டோபரில் நேர்மாறாக நடந்தது. கேலக்ஸி எஸ்10 போன்களில் சிலவகை சிலிக்கான் கவர்களைத் திரைமேல் போட்டால் யார் விரல் வைத்தாலும் திறந்தது. கவரின் உட்புறத்தில் இருந்த கோலம் போன்ற வடிவத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தென்கொரியாவின் ககாவோ பேங்க் தன் வாடிக்கையாளர்களிடம் அந்த வசதியை அணைத்து வைக்கச் சொன்னது. சாம்சங் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. ஆகவே கண்ணாடி ஒட்டியதும் வீட்டில் இன்னொருவர் விரலையும் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

“பேன்ட் பையிலிருந்து எடுக்கும்போதே ‘அதிக முறை முயன்றுவிட்டீர்கள்’ என்கிறது”

பவர் பட்டன் சென்சார் உள்ள போன்களுக்கே உரிய வியாதி இது. கையில் பிடித்திருக்கும்போது உள்ளங்கையும், பையில் இருக்கும்போது துணி வழியே தொடையும் பட்டுப் பட்டு, போன் அதையெல்லாம் தவறான முயற்சியாக எண்ணிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் ஐந்து தவறு ஆனால் 30 விநாடி காத்திருக்க வேண்டும். இருபதைத் தொட்டால் பின் நம்பர் போடும்வரை விரல் வேலை செய்யாது. ரேகை செட்டிங்ஸுக்குள் போய், ‘தொட்டதும் திற’ என்பதை ‘அழுத்தினால் திற’ என்று மாற்றுங்கள். சில போன்களில் ‘எப்போதும் இயங்கட்டும்’ என்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

“முகம் சில நேரம் ஏற்கிறது, சில நேரம் இல்லை”

எப்போது ஏற்கவில்லை என்று கவனியுங்கள், பதில் அதிலேயே இருக்கும்.

இருட்டில் மட்டும் என்றால் உங்களுடையது செல்ஃபி கேமரா வகை. அதற்கு வெளிச்சம் வேண்டும். முகத்திறப்பின்போது திரையைப் பளிச்சென்றாக்கும் வசதி சில போன்களில் உண்டு. இல்லாவிட்டால் இரவில் விரல்தான். ஐபோனுக்கு இருட்டு பிரச்சினையே இல்லை, அதன் வெளிச்சம் அதனிடமே இருக்கிறது.

படுத்திருக்கும்போது மட்டும் என்றால் இரண்டு காரணம். தலையணையில் பாதி முகம் புதைந்திருக்கும், அல்லது போனை மூக்குக்கு அருகில் பிடித்திருப்பீர்கள். ஃபேஸ் ஐடிக்கு முகத்திலிருந்து ஏறத்தாழ 25 முதல் 50 சென்டிமீட்டர் தூரம் வேண்டும், அதாவது அரை முழத்திலிருந்து ஒரு முழம்வரை. போனைக் குறுக்கே சாய்த்துப் பிடித்துத் திறப்பது ஐபோன் 13 தொடங்கி, அதுவும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16 முதல்தான் முடியும்.

மாஸ்க் என்றால், ஐபோன் 12-ம் அதற்குப் பிந்தையவையும் 2022 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 15.4 முதல் மாஸ்க்கோடு திறக்கும். செட்டிங்ஸில் அதைத் தனியாகப் போட வேண்டும், கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். முழு ஹெல்மெட்டோடு நின்று பெட்ரோல் பங்கில் பணம் செலுத்த முகத்தை நீட்டுபவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. விரல் சென்சார் உள்ள போன் வாங்குங்கள்.

குளிர்கண்ணாடி போட்டால் மறுக்கிறதா? சில கண்ணாடிகள் அகச்சிவப்பைத் தடுத்துவிடும். கண் தெரியாததால் ‘நீங்கள் பார்க்கவில்லை’ என்று போன் முடிவு செய்கிறது. கவனத்தைச் சரிபார்க்கும் வசதியை அணைத்தால் திறக்கும், ஆனால் அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

மாலை போட்டு 48 நாள் தாடி வளர்ப்பவர்களுக்கு: தாடி மெல்ல வளரும்போது ஃபேஸ் ஐடி கூடவே கற்றுக்கொண்டு வரும், சிக்கல் இராது. மலைக்குப் போய்வந்து ஒரே நாளில் மழித்ததும்தான் திகைக்கும். அப்போது பாஸ்கோடு போட்டுத் திறந்தால் புது முகத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். அழித்துப் பதிய வேண்டியதில்லை. மொட்டை மட்டும் போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், அது பார்ப்பது முகத்தை. செல்ஃபி கேமரா வகையில் ‘மாற்றுத் தோற்றம்’ என்று இரண்டாவது பதிவு வைக்க இடம் இருந்தால் தாடியோடு ஒன்று, தாடியில்லாமல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

“என் தம்பி முகத்துக்கும் திறக்கிறது”

இந்தப் பட்டியலிலேயே உடனே கவனிக்க வேண்டியது இது. செல்ஃபி கேமரா வகை என்றால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பதியும்போதே ‘உங்களைப் போன்ற தோற்றமுள்ளவரும் திறக்கலாம்’ என்று போன் எச்சரித்திருக்கும், நாம் படிக்காமல் அடுத்ததைத் தட்டியிருப்போம். 2011-இல் ஆண்ட்ராய்டு 4.0 முகத்திறப்பைக் கொண்டுவந்தபோது ஒரு புகைப்படத்தைக் காட்டியே ஏமாற்ற முடிந்தது. இன்றைய போன்கள் அதைவிட மேல், ஆனாலும் ஆழம் பார்க்காத கேமரா ஆழம் பார்க்காத கேமராதான். ஆப்பிள் சொல்லும் கணக்கில், முன்பின் தெரியாத ஒருவர் ஃபேஸ் ஐடியைத் திறந்துவிடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று, ஐபோனின் விரல் திறப்பான டச் ஐடியில் ஐம்பதாயிரத்தில் ஒன்று. ஆனால் இரட்டையருக்கும், சாயல் ஒத்த உடன்பிறப்புகளுக்கும், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று ஆப்பிளே சொல்கிறது. இரட்டையருக்கு விரல்தான் சரி. ஒரே கருவில் பிறந்தாலும் ரேகை வேறு.

தூங்கும்போது யாரோ திறக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் ‘கண் திறந்திருக்க வேண்டும்’ என்ற வசதி போட்டிருக்கிறதா பாருங்கள். கூகுளின் பிக்சல் 4 போன் 2019-இல் இந்த வசதி இல்லாமலேயே வெளிவந்தது. கண் மூடியிருந்தாலும் திறந்தது, 2020 ஏப்ரல் அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். விரலுக்கு இப்படி ஒரு காப்பு கிடையாது, தூங்குபவர் கட்டைவிரலை எடுத்து வைத்தால் திறக்கும். அந்த அளவுக்குப் பயம் இருக்கும் இடத்தில் இரவில் போனை லாக்டவுனில் போடுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் பவர் பட்டன் மெனுவில் இது இருக்கிறது, சில போன்களில் செட்டிங்ஸில் முதலில் அனுமதிக்க வேண்டும். ஐபோனில் பக்கப் பட்டனையும் ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். அதன்பிறகு பின் நம்பர் இல்லாமல் எதுவும் திறக்காது.

“போன் முகத்துக்குத் திறக்கிறது, பேங்க் ஆப் மட்டும் விரல் கேட்கிறது”

ஆப்பில் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டு, ரேகையையும் முகத்தையும் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. போலி விரல், போலி முகம் காட்டிச் சோதிக்கும்போது 7 சதவீதத்துக்கு மேல் ஏமாந்தால் உயர்ந்த வகுப்பான மூன்றாம் வகுப்பில் இடமில்லை. 20 சதவீதத்தைத் தாண்டினால் கடைசி வகுப்பு, அது போனைத் திறக்க மட்டும்தான். செல்ஃபி கேமரா முகத்திறப்புகள் பெரும்பாலும் மேல் வகுப்புக்கு ஏறுவதில்லை. 2023-இல் வந்த பிக்சல் 8 ஒற்றைக் கேமராவிலேயே மூன்றாம் வகுப்பைத் தொட்டது, அதனால் அதில் பணம் அனுப்பவும் முகம் போதும்.

இதன் தங்கை ஒன்று உண்டு: ‘மனைவி விரலைப் புதிதாகச் சேர்த்தேன், உடனே பேங்க் ஆப் என் விரலையே மறந்துவிட்டது’. புது விரல் சேர்ந்தால் பழைய சாவி செல்லாமல் போகும்படி ஆப்பை எழுத முடியும், பல வங்கிகள் அப்படித்தான் எழுதுகின்றன. பாஸ்வேர்டோ எம்பின்னோ போட்டு ஒரு தடவை உள்ளே போய், விரல் வசதியை மறுபடி இயக்குங்கள். அதோடு, போனில் இருக்கும் எந்த விரலும் வங்கியையும் திறக்கும் என்பதை நினைத்துக்கொண்டு யார் விரலைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்.

“டிஸ்ப்ளே மாற்றியபின் வேலை செய்யவே இல்லை”

ஆண்ட்ராய்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என்ன டிஸ்ப்ளே போட்டார்கள்? அமோலெட் திரை இருந்த போனில் விலை மலிவான எல்சிடி காப்பி போட்டால், அதன் பின்விளக்கு அடுக்கு ஒளியை மறைத்துவிடும். அடியில் இருக்கும் சென்சார் குருடாகிவிடும். எந்த செட்டிங்ஸும் இதைச் சரிசெய்யாது. ஒரிஜினல் போட்டும் ஏற்கவில்லை என்றால் சென்சாரைப் புதுத் திரைக்கு ஏற்ப அளவுதிருத்தம் செய்ய வேண்டும், சர்வீஸ் சென்டரில் செய்வார்கள். கழற்றக் கொடுக்கும்போதே ‘இந்த டிஸ்ப்ளேயில் ஃபிங்கர் வேலை செய்யுமா?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஐபோன் 5எஸ் முதல் 8 வரை ஹோம் பட்டன் அந்தந்தப் போனோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு பட்டன் போட்டால் டச் ஐடி போய்விடும். ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை காது ஸ்பீக்கரோடு சேர்ந்த மெல்லிய கேபிளில் முகத்துக்கு ஒளி பாய்ச்சும் விளக்கு இருக்கிறது. பழைய திரையிலிருந்து அதைப் பிரித்துப் புதியதற்கு மாற்றும்போது கிழித்துவிட்டால் ஃபேஸ் ஐடி போயிற்று. பழைய உதிரியைத் திருப்பிக் கேட்டு வாங்கி வையுங்கள், தேறினவர்கள் அதைச் சரிசெய்து தருவதுண்டு.

“ஐபோன் பாஸ்கோடு போட்டாலும் ஒரு மணி நேரம் காத்திரு என்கிறது”

2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்த திருட்டுப் பாதுகாப்பு இது. வழக்கமான இடங்களுக்கு வெளியே இருக்கும்போது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு போன்றவற்றை மாற்ற முகமோ விரலோதான் வேண்டும், அதன்பிறகும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செய்யுங்கள். ஃபேஸ் ஐடி பழுதாகி சர்வீஸுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும் இந்தப் பாதுகாப்பை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

“விரல் திறக்கிறது, ஆனால் பின் நம்பரே மறந்துவிட்டது”

அவசரம் இதில்தான். போனை அணைக்காதீர்கள், அப்டேட் போடாதீர்கள், சார்ஜ் தீர விடாதீர்கள். ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் கையில் அதிகபட்சம் 72 மணி நேரம்தான் இருக்கிறது. பின் நம்பரை மாற்றப் போனால் பழையதைத்தான் கேட்கும், விரலை ஏற்காது. விரல் திறக்கும்போதே போட்டோக்களையும் தொடர்புகளையும் கூகுள் கணக்கில் ஏற்றுங்கள், வாட்ஸ்அப்பில் பேக்அப் எடுங்கள், முக்கியமான கோப்புகளைக் கணினிக்கு மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா என்று வேறொரு கருவியில் உள்ளே போய்ச் சோதியுங்கள். போனை முழுதாக அழித்தபின் அந்தக் கணக்கு இல்லாமல் போன் உள்ளேயே விடாது. ஐபோனில் பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் ஐஓஎஸ் 17 முதல் பழைய பாஸ்கோடைப் போட்டுப் புதியதை அமைக்கலாம். அதுவும் கடந்துவிட்டால் பேக்அப் முடிந்ததை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு அழித்துத் தொடங்குங்கள். புதிய பின் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி, போன் கவருக்குள் அல்ல, பீரோவுக்குள் வையுங்கள்.